தாயாரம்மாள் எடுத்துப்போன உமி

வருடம் 1986. ஒரகடத்தில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றின் கெமிஸ்ட் தசரதன். பச்சை நிறத்தில் வெளியேறிய நிக்கல் தண்ணீரை, நெல் உமி நிரப்பிய தொட்டிகளில் விட்டுத் தெளிய வைத்தவர் அவர்தான்.

சோதிக்க வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிக்கும் திருப்தி. கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

“விஷமெல்லாம் உமியில ஏறிடுச்சு. அந்த உமி எங்க போகுது?”

“வடக்குப்பட்டு தாயாரம்மாள் வாராவாரம் வண்டியில ஏத்திட்டுப் போறாங்க சார். எருவுக்கு...”

சொல்லும்போதே தசரதனுக்கு உறைத்தது. சைக்கிளை வேகமாக மிதித்து அவள் வயலுக்குப் போனார். தாயாரம்மாள் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த உமிய நெலத்துல போடாதீங்கம்மா! அத்தனையும் விஷம். தப்பு என்மேலதான்.”

“தெரியும் சார். மொதல்ல எடுத்தாந்தத கத்திரிப் பாத்தியில போட்டேன். செடியெல்லாம் கருகிப் பூடுச்சு.”

“அப்புறமும் எட்டு மாசமா எடுத்துட்டுப் போறீங்களே?”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். மாட்டுக் கொட்டகைக்குள் கூரை வரைக்கும் உமி மூட்டைகள். மாடுகள் வெளியே வெயிலில் நின்றன.

“நான் எடுக்கலேன்னா உங்க ஆளுங்க ஏரியில கொட்டிடுவாங்க. அந்தத் தண்ணியத்தான் ஊரே குடிச்சிகினு கீது.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உமி போடறத நிறுத்திடுவீங்க சார். பழையபடி பச்சத் தண்ணி ஏரிக்கு வந்துடும்.”