கோதண்டபாணியின் காவல்

"என்னைத் தாண்டி எவனும் உள்ள போவ முடியாதும்மா!"

சர்வர் அறைக் கதவை அடைத்தாற்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் கோதண்டபாணி. ஆம்பூர் தோல் ஃபேக்டரியின் டெஸ்பாட்ச் மேனேஜர். இத்தாலிக்குப் போகிற கன்டெய்னர் மாலைக்குள் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். எதிரே சங்கீதா பில் அடித்துக்கொண்டிருந்தாள். பில் நின்றால் கன்டெய்னர் நிற்கும். கப்பல் நிற்காது.

"உள்ள மெஷின்ல ஃபேன் செத்துப்போச்சு சார். தோல் ஊறுற சுண்ணாம்புக் குழிக் காத்து பட்டு உள்ள செம்பெல்லாம் கறுத்துக் கெடக்கு. எந்த நேரத்துலயும் படுத்துக்கும். முதலாளியே இன்னைக்கு மாத்தச் சொல்லிட்டாரு" என்றாள் ஜெனிஃபா. வேலூரிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர்.

"மாத்து, யாரு வேணாம்னா? கடைசி பில் வரட்டும். நான் டிரம் செக்‌ஷன்லேர்ந்து வந்தவன். தோலைப் போட்டு ஓடுற டிரம்மைப் பாதியில நிறுத்தினா இன்னா ஆவும்? சாயம் திட்டுத்திட்டாப் புடிச்சு மொத்த லோடும் பாழ். ஓடுறதைத் தொடவே கூடாது."

ஜெனிஃபா கோபப்படவில்லை. அந்த உதாரணம் பிடித்துப்போனவள் போல ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டிரம்னே வச்சுக்குவோம் சார். ஆனா இந்த டிரம்முக்குள்ள தோலே இல்ல. போன வாரமே உங்க பில்லு, ஸ்டாக்கு எல்லாத்தையும் புது பில்டிங்ல ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்கு மாத்தியாச்சு. இந்த மெஷின் ஒயர் வழியா எடுத்து, வேலை பார்த்து, திரும்ப அங்கயே வைக்குது."

"அப்ப சர்வருன்றது?"

"அது இந்த இரும்பு இல்ல. இதுக்குள்ள குடியிருக்கிற இன்னொரு மெஷின். கண்ணுக்குத் தெரியாது. அதே பெட்டியைப் பார்க்கிற மாதிரி வேற மெஷின் ஒண்ணு இருந்தா, அங்கயும் குடியிருக்கும்."

"பெட்டியே எரிஞ்சுபோச்சுன்னா?"

"தினம் ஒரு காப்பி வாணியம்பாடி யூனிட்டுக்குப் போவுது சார். ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ வைக்கக் கூடாது."

கோதண்டபாணிக்குப் பிரமிப்பாக இருந்தது. "இம்மாம் விஷயத்தை எப்படிம்மா மண்டையில வச்சிருக்கே! ஆனா கதவு மட்டும் தொறக்காது."

அவள் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்து, புது பில்டிங்கில் புது மெஷினோடு இருந்த தன் உதவியாளனைக் கூப்பிட்டாள். "நவீன், புது மெஷினுக்குப் பெட்டி தெரியவே மாட்டேங்குது. ஒயர் சொருகின இடத்துல பச்சை லைட் எரியுதா? எரிஞ்சா ஒயர்ல கோளாறு இல்ல. எங்க சொருகியிருக்கே? அய்யோ, அது ஆபீஸ் கம்ப்யூட்டருங்க வரிசைப்பா! பக்கத்து வரிசைதான் ஸ்டோரேஜுக்கு... ஆங், வந்துடுச்சு."

பிறகு லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். கோதண்டபாணிக்குத் திக்கென்றது.

"சங்கீதா, நின்னுடுச்சா?"

"இல்ல சார், ஜோரா போவுது."

"பார்த்தியா? தொடாம வுட்டா அது பாட்டுக்கு ஓடும்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கடைசி பில் வந்தது. கன்டெய்னர் லாரி கேட்டைத் தாண்டியதும் கோதண்டபாணி நாற்காலியை நகர்த்தினார்.

"இப்ப நிறுத்திக்கம்மா. இரு, நானே ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றேன். என் மானத்தைக் காப்பாத்தின மெஷின்."

உள்ளே போய் அதன் தலைமேல் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். ஒரு விளக்குகூட எரியவில்லை. இரும்பு ஜில்லென்றிருந்தது.

"ஜெனிஃபா! இது எப்பம்மா நின்னுச்சு?"

"நவீன் ஒயரை மாத்திச் சொருகினான் இல்ல, அப்பவே லேப்டாப்லேர்ந்தே சர்வரை ஓட்டத்தோட ஓட்டமா புது மெஷினுக்குக் குடி மாத்திட்டு, இதை அணைச்சுட்டேன் சார்" என்றாள் ஜெனிஃபா. "அதுக்கப்புறம் நீங்க காவல் காத்தது வெறும் இரும்பை."