கூடத்துப் படம்

"சார், கூடத்துல மாட்டியிருக்கிற எங்க அக்கா படத்தைக் கழட்டுங்க."

வேலை ஆர்டர் கைக்கு வரும்வரை இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா அவளிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டுதான் அனுப்பியிருந்தாள். வானிலை அலுவலக அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சண்டை நேரத்துல வானிலை பார்க்கப் போய், விமானம் விழுந்து இருபத்தாறு வயசுல உயிரை விட்டவங்கம்மா. பட்டாளத்துக்காரங்க அவங்க நினைவுக்கல்லுல சிவிலியன் பேரைச் சேர்க்கலை. நாங்கதான் படம் மாட்டி, ரெண்டு வருஷமா அதுக்கு முன்னால தலைகுனிஞ்சு நிக்கிறோம்."

"கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருக்கலாம்."

"உங்க வாய்க்குப் பூட்டுதான் போடணும். அக்கா வேலை உங்களுக்குன்னு ஆர்டர் இதோ இருக்கு. இன்னிக்கு அமைச்சர் வந்து அந்தப் படத்துக்கு முன்னால பேசப்போறார். கழட்டினா ஆர்டர் கிணத்துல போட்ட கல்லுதான்."

"படத்தை எங்கேருந்து எடுத்தீங்க?"

"அவங்க சர்வீஸ் புக்லேருந்துதான். இங்க யாரும் அவங்களை நேர்ல பார்த்ததில்லையே."

"அதுல ரெண்டு படம் இருக்கும். ஒண்ணு அக்கா. இன்னொண்ணு, அவ நாமினியா எழுதின தங்கச்சி. என்னைக் கொஞ்சம் பாருங்க சார்."

அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியே கூடத்துப் படத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்மா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் படத்துல நீங்களே இருந்துட்டுப் போங்களேன்."

"ரெண்டு வருஷமா செத்தது போதும் சார்."

ஆர்டரை அவள் தொடவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய் நாற்காலியில் ஏறினாள். இருந்ததைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்தே சட்டம் போட்டு எடுத்துவந்த அக்காவை ஆணியில் மாட்டினாள். தன்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.