நெற்கதிர் பட்டன்

"இந்தக் கிளையில விவசாயப் பிரிவை எடுத்துடலாம்னு எழுதப் போறேன் மேடம்" என்றார் அய்யப்பன்.

புவனேஸ்வரி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அய்யப்பன் அந்த வங்கியின் வட்டார மேலாளர். காலையில்தான் புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி கிளைக்கு வந்திருந்தார். புவனேஸ்வரி அங்கே விவசாயக் கடன் அதிகாரி.

"எடுத்துட்டா எங்க ஜனங்க எங்க சார் போவாங்க?"

"புதுக்கோட்டைக்கு வரட்டும். பஸ் இருக்குல்ல."

"ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டுட்டு வரணும் சார்."

"அதையெல்லாம் அறிக்கையில எழுத முடியாது. மேல பிரிவு வாரியாத்தான் கேக்குறாங்க. வெளிநாட்டுப் பிரிவு நல்ல லாபம். தொழில் பிரிவு பரவாயில்லை. உங்க பிரிவு மட்டும் மூணு காலாண்டா நஷ்டம்."

"அதுக்கு முன்னாடி லாபத்துலதான சார் இருந்துச்சு? குடுத்த கடன் ஒழுங்காத் திரும்பி வருது. வட்டியும் வருது. செலவுதான் எங்கிருந்து இவ்வளவு வந்து ஏறுதுன்னு புரியலை."

"டோக்கன்லேருந்து ஏறுது."

சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. அந்த முறையைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

வங்கி வாசலில் ஒரு டோக்கன் மெஷின். அதில் மூன்று பட்டன்கள். விவசாயத்துக்கு நெற்கதிர், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு விமானம், தொழிலுக்குப் பல்சக்கரம் என்று படம் போட்டிருக்கும். வருகிறவர் தன் வேலைக்கான பட்டனை அமுக்கி டோக்கன் எடுக்க வேண்டும். கிளையின் வாடகை, கரண்டு, சம்பளம் எல்லாவற்றையும் டோக்கன் எண்ணிக்கைப்படி மூன்று பிரிவுகளின் தலையிலும் கட்டிவிடுவார்கள். ஆள் அதிகம் வந்தால் அந்தப் பிரிவுக்குச் செலவு அதிகம். இதற்குத் தலைமை அலுவலகத்தில் அய்யப்பனுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

"அவ்வளவு பேர் என்கிட்ட வரலையே சார். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டா பாதி நேரம் ஆளே எந்திரிக்கிறதில்லை. டீ குடிக்கப் போயிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்."

அய்யப்பனுக்குப் பொறி தட்டியது.

"வாங்க, பாப்போம்" என்று எழுந்து கண்ணாடிக் கதவருகே போய் நின்றார்.

வயர்கூடையுடன் ஒரு பெண் உள்ளே வந்தாள். மெஷின் முன்னால் நின்று நெற்கதிரை அமுக்கினாள். வந்த டோக்கனை மடித்துப் பர்சில் போட்டுக்கொண்டு, நேராக வெளிநாட்டுப் பிரிவுக்குப் போய் அதன் அதிகாரி பிரசாந்த் முன்னால் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தவரும் அதேபோல் நெற்கதிரை அமுக்கிவிட்டு, அதே பிரசாந்திடம் போய் நின்றார். பிரசாந்த் டோக்கனைக் கேட்கவே இல்லை. சிரித்த முகமாக "வாங்க, வாங்க" என்றான்.

அய்யப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. லாபம் இவனுக்கு, செலவு பக்கத்து மேஜைக்கு. இந்த வருடப் பதவி உயர்வுக்கு இவன் பெயரைத்தான் அவர் சிபாரிசு செய்திருந்தார்.

"பிரசாந்த், இங்கிட்டு வாங்க."

வந்தான்.

"இதுதான் உங்க லாபத்தோட ரகசியமா? உங்க ஆளுங்களை நெற்கதிரை அமுக்கச் சொல்லி வச்சிருக்கீங்களா?"

பிரசாந்த் தலைகுனிந்தான்.

"சத்தியமா நான் சொல்லலை சார். ஆனா கவனிச்சேன். கவனிச்சும் பேசாம இருந்துட்டேன்."

புவனேஸ்வரிக்குக் கோபத்தைவிட வருத்தமாகத்தான் இருந்தது. மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

"யாரும் சொல்லாம எப்படி எல்லாரும் ஒரே பட்டனை அமுக்குவாங்க?" என்று அய்யப்பன் விடுவிடுவென்று அந்தப் பெண்ணிடம் போனார். மற்ற இருவரும் பின்னால் வந்து சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"ஏம்மா, உங்க பேரு?"

"செவந்திங்க."

"பையன் வெளிநாட்டுலயா?"

"ஆமாங்க, மஸ்கட்டுல இருக்கான்."

"அப்ப ஏரோப்ளேன் படத்தையில்ல அமுக்கணும்? அடையாளம் தெரியலையா, இல்ல யாரும் சொல்லிக் குடுத்தாங்களா? பயப்படாமச் சொல்லுங்க."

"ஏரோப்ளேன் தெரியாமயாங்க? அதுல மகனை ஏத்திவிட்டு வந்தவதான நானு."

"பெறகு?"

செவந்தி புவனேஸ்வரியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம் சார், சங்கடப்படும். எங்க பக்கத்துக்கெல்லாம் போர் போட லோன் குடுத்தது அதுதான். வெயில்ல வரப்பு வரப்பா நடந்து வந்து பாத்துட்டுக் குடுத்துச்சு. நீங்க போன தை மாசம் இங்க கூட்டம் போட்டு மைக்குல சொன்னீங்கள்ல, எந்தப் பிரிவுக்கு ஆளு வரலையோ அதை எடுத்துருவோம்னு. அன்னைக்கே ஊருக்குள்ள பேசி வச்சுக்கிட்டோம். யாரு என்ன வேலையா வந்தாலும் நெல்லுக்கதிரை அமுக்கிட்டுத்தான் உள்ள வாரது."

அப்படிப் பேசியது அய்யப்பனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கூட்டம் வரட்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னது. வந்த கூட்டத்தைச் செலவில் எழுதியதும் அவரேதான். வெட்கமாக இருந்தது அவருக்கு. திரும்பி வாசலில் இருந்த டோக்கன் மெஷினைப் பார்த்தார்.

அவர் அதைப் பார்ப்பதைச் செவந்தி வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"ஏன் சார், இன்னும் ஆளு பத்தலையா? பத்தலைன்னா சொல்லுங்க, சந்தைக்கு வர்றவங்களையும் வந்து அமுக்கிட்டுப் போகச் சொல்றோம்."