கந்தவேல் எஞ்சின்

தாராபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, நெருப்பெரிச்சலில் இறங்கி, வரப்பு வரப்பாக நடந்து ஆறுச்சாமியின் கிணற்று மேட்டில் ஏறியபோது அமராவதிக்கு மூச்சு இரைத்தது.

அவள் வந்தது ஒரு சத்தத்தைக் கேட்க. அதைப் போய் யாரிடம் சொல்வது? அதனால் ஒரு பொய்யைத் தயாராகக் கொண்டு வந்திருந்தாள்.

"எங்க தோட்டத்துக் கெணத்துக்கும் ஒரு பழைய கார் எஞ்சின் போடலாமுன்னு இருக்கறமுங்க. ஒருக்கா ஓட்டிக் காட்டறீங்களா?"

ஆறுச்சாமிக்கு வாயெல்லாம் பல். எஞ்சின் பைத்தியம் என்று ஊரே சிரிக்கிற மனுசன், தேடி வந்து கேட்கிற ஆளை விடுவாரா?

பெட்ரோல் விலை ஏறினாலும் ஏறியது, பனியன் கம்பெனி முதலாளிகள் தங்கள் பெரிய கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டிக்கொண்டார்கள். கழற்றிப் போட்டதில் இரண்டை ஆறுச்சாமி வாங்கி வந்து பம்போடு சேர்த்துவிட்டார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவார். எது யார் காரில் இருந்ததோ, அவர் பேர்தான் அதற்கு.

"எதைப் போடட்டுமுங்க அம்மணி? ஞானசம்பந்தமா, கந்தவேலா?"

இரண்டாவது பேரைக் கேட்டதும் அமராவதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கந்தவேல் முதலாளியின் கறுப்பு பிளைமவுத். புதன்கிழமையும் சனிக்கிழமையும் அது தாராபுரம் ரோட்டில் புளியமரத்துத் திருப்பத்தில் கியர் மாறும்போதே அவள் காதுக்கு எட்டிவிடும். முகம் கழுவிப் பூ வைத்துக்கொள்ள நேரம் சரியாக இருக்கும். இப்படிப் பதினாலு வருசம்.

அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. கம்பெனியை எடுத்து நடத்தும் மகன் முதல் வேலையாக எஞ்சினை மாற்றினான். போன வாரம் அதே வண்டி அவள் வாசல் வழியாகத் தடதடவென்று போயிருக்கிறது. அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அவர் இறந்தது தெரிந்த நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை.

அன்றைக்குப் பிடித்த ஆசை இது; கழற்றிய எஞ்சின் எங்கே போனது என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

ஆனால் பேரைச் சொல்வது எப்படி? பழனிக்குப் போனாலும் அவள் 'முருகா' என்றுதான் கும்பிடுவாள். 'கந்தா' என்று வாய் தவறியும் வந்ததில்லை.

"எதுன்னாலும் சரிங்க," என்றாள்.

கீற்றுக் கொட்டகைக்குள் இரண்டும் சாக்குப் போர்த்திக் கிடந்தன. ஆறுச்சாமி ஒன்றில் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார். கரகரவென்று தொண்டை கட்டிய மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது.

அமராவதியின் முகம் விழுந்துவிட்டது.

"இதில்லீங்க. அவிங்க சத்தம் இப்படி இருக்காதுங்க."

"எவிங்க சத்தமுங்க?"

அவள் தரையைப் பார்த்தாள்.

நிழலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஆறுச்சாமியின் பெண்டாட்டி மருதாள் கையை நிறுத்தினாள். வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தம்மணி பேரு சொல்ல மாட்டாங்க. பேசாம இன்னொண்ணையப் போடுங்க."

கந்தவேல் கிளம்பியது.

அடடா, அந்தச் சத்தம்! ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சாக, அதட்டல் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசுகிற மாதிரி. அமராவதி கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். புளியமரம் தாண்டியாயிற்று. இதோ வாசல். 'வாங்க' என்று சொல்ல வாயெடுத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருசம் காருல ஓடுனதுங்க," ஆறுச்சாமி சத்தத்துக்கு மேலே கத்தினார். "இங்க வந்தும் ஒரு ரிங்கு மாத்துலீங்க. இதுக்குச் சாவே இல்லீங்க!"

"ஆமாங்க," என்று அமராவதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மண்ணெண்ணெய்ப் புகை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் வயிறு நிறையக் கேட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டாள். அது நிற்பதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

வீடு தேடி வந்த பெண்ணைச் சும்மா அனுப்பக் கூடாதே. மருதாள் குங்குமச் சிமிழோடு வந்தாள். பாதி தூரத்தில் நின்றாள். அமராவதியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, சிமிழை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கை கடலையை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"பாத்துப் போங்க," என்றாள்.

அமராவதி பையை வாங்கிக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ராயபுரத்துப் பெரிய வீட்டில் வளையல் உடைத்ததும் பொட்டு அழித்ததும் ரங்காத்தாளுக்கு. தாலி கட்டிய பெண்டாட்டி அவள்தான். தாராபுரத்தில் இருப்பவளுக்குச் சேதி சொல்ல ஒரு ஆள் வரவில்லை. பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அவள் பொட்டை அழிக்க எவரும் நினைக்கவில்லை. தானே அழித்துக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை? போகிற வீட்டிலெல்லாம் இன்றுவரை குங்குமம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மருதாள் ஒருத்திதான் கொடுக்கவில்லை.

வரப்போரம் வாய்க்காலில், கந்தவேல் இறைத்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அமராவதி குனிந்து ஒரு கை அள்ளி, நெற்றியைக் கழுவிக்கொண்டாள்.