சித்ரலேகா உறைய வைத்த செல்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தில் திரைச்சீலை இடுக்கு வழியாகக் காலை வெயில் ஒற்றைக் கோடாகத் தரையில் கிடக்கிறது. வெளியிலிருந்து வரும் செய்தியை ஒரு செல் எப்படி உணர்ந்துகொள்கிறது என்று முப்பது வருஷமாக ஆராய்ந்த டார்லின், நாளை ஓய்வு பெறுகிறாள். உறைகலத்தின் அடியில் மிஞ்சிய கடைசிக் குப்பியில், இறந்துபோன தோழி சித்ரலேகாவின் சாய்ந்த கையெழுத்து இருந்தது. அதிலிருந்த செல்களைப் போன வாரம் உருக்கி வளர்த்தாள். இப்போது, செய்தியை உணர்ந்தால் பச்சையாக ஒளிரும் சாயத்தை அவற்றில் ஏற்றி, ஒரு சொட்டு ஹார்மோன் விட்டு, நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாள். குடுவை துடைக்கும் உதவியாளர் ஞானசிகாமணி கையை நிறுத்துகிறார். “உசிரு இருக்கா மேடம்?” “பைய பேசுங்க அண்ணாச்சி.” நுண்ணோக்கியின் இருட்டில் ஒரு செல் பச்சையாக மினுங்குகிறது. பக்கத்தில் இன்னொன்று, பிறகு கூட்டமாக. இந்தப் பச்சையை முதன்முதலில் கண்ட அன்று, அவளும் சித்ரலேகாவும் இதே ஸ்டூலில் நெருக்கி உட்கார்ந்து, சாப்பாட்டை மறந்து மாறி மாறிப் பார்த்தார்கள். கண்ணை எடுக்காமலே டார்லின் ஸ்டூலில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விடுகிறாள்.