பாயசத்துக்கு முன்னால்

நிச்சயதார்த்தப் பந்தியில் பாயச வாளிக்கு முன்னால் சர்க்கரை பார்க்கும் ஊசிப்பெட்டி வந்தது. விரலைக் குத்திப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால்தான் இலையில் பாயசம் விழும். இப்போதெல்லாம் எந்த மண்டபத்திலும் இதுதான் வழக்கம்.

மணப்பெண் நிறைமதி பக்கத்து இலையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். சர்க்கரை வந்த நாளிலிருந்து அவர் பாயசத்தைத் தொட்டதில்லை. மகளின் நிச்சயத்திலாவது ஒரு வாய் சாப்பிட அவருக்கு ஆசை.

"கையைக் கீழ வைங்கப்பா," என்று முணுமுணுத்துவிட்டு, அவருக்குப் பதிலாகத் தன் விரலை நீட்டினாள். பரிமாறுகிறவர் முகம் பார்க்காமல் குத்தினார்.

சிவப்பு எரிந்தது. தனக்கும் சர்க்கரை இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் ரத்தந்தாங்க அது," என்றார் அப்பா அவசரமாக.

பெட்டி அவள் இலைக்கு நகர்ந்தது.

"எனக்குப் பாயசம் வேண்டாம்."

"காட்டும்மா. நாங்க எல்லாரும் காட்டினோம்ல," என்றாள் எதிர்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா.

நிறைமதி தயங்கிக் கையைத் தூக்கினாள். விரல் நுனியில் ஏற்கெனவே ஒரு துளி ரத்தம் நின்றது.

அந்த அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, இழவு வீட்டில் மடிப்பதுபோல, தன் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தாள்.