யாஃபாவின் கையொப்பம்

"வாயைத் திறந்து பதில் சொல்லும்மா! உன் மகனை எந்த நாட்டுல ஒளிச்சு வெச்சிருக்கே?"

ரொட்டிக் கடை நிசிம் வாசலில் நின்று கத்தினார். ஹைஃபா நகரின் அந்த நாற்சந்தியில், வெள்ளிக்கிழமைதோறும் பகல் ஒரு மணிக்குக் கறுப்புடை அணிந்த பெண்கள் போரை எதிர்த்து நிற்பது வழக்கம். இரண்டு மணி வரை எவர் எதைச் சொன்னாலும் வாய் திறப்பதில்லை என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறி.

கடைக்கு நேர் எதிரே நின்றவள் பாத்யா. அறுபது வயது இருக்கும். 'பிள்ளைகளைப் போருக்குக் கொடுக்காதீர்கள்' என்ற அட்டையை அவள் ஏந்தியிருந்தாள்.

"ஊரான் பிள்ளை எல்லையில காவல் நிக்கணும். இவ பிள்ளை மட்டும் பெர்லின்ல உட்கார்ந்து காப்பி குடிக்கணும்!"

ரொட்டி வாங்க நின்றவர்கள் சிரித்தனர்.

"சரி சரி, கத்தினது போதும் நிசிம். பொழுது சாஞ்சா ஓய்வு நாள் பொறந்துடும், ரொட்டியைக் குடு" என்றார் ஒருவர்.

சிறிது நேரத்தில் கடை காலியாயிற்று. நிசிம் மேடையடியிலிருந்து ஒரு ராணுவப் படிவத்தை எடுத்தார்.

அவருக்கு ஒரே மகன், இதாமர். ஒற்றைப் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்புவதாயின், தாய், தந்தை இருவரும் கையொப்பமிட்டாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. தந்தை இட்டுவிட்டார். தாய் யாஃபாவோ பேனாவைத் தொடவே மறுத்துவிட்டாள்.

"என் சிநேகிதங்க எல்லாம் சண்டையில நிப்பாங்க. நான் மட்டும் கிடங்குல பூட்ஸ் எண்ணிக்கிட்டிருக்கணுமாப்பா?" என்று முந்தின நாள் மகன் அழுதான்.

"அம்மாவை விடு. நான் பார்த்துக்கறேன்டா" என்று வாக்களித்திருந்தார்.

ரொட்டி போடும் காகிதப் பை ஒன்றின்மீது மனைவியின் கையொப்பத்தை எழுதிப் பழகினார். பத்தாவது முறை அச்சாக அமைந்தது. படிவத்தை அருகே இழுத்தார்.

"ரெண்டு ரொட்டி குடுங்க, தம்பி."

திடுக்கிட்டு நிமிர்ந்தார். மணி இரண்டைக் கடந்திருந்தது. எதிரே பாத்யா.

பதற்றத்தில் படிவத்தைக் கவிழ்த்து வைத்து, கைக்கு அகப்பட்ட பையில் ரொட்டிகளைத் திணித்து நீட்டினார்.

"அட, பேச வருதே! இப்ப சொல்லு, எங்கே உன் மகன்?"

"கடலோரக் கல்லறையில, தம்பி. சிப்பாய்ங்க வரிசையில. அஞ்சு வருஷமாச்சு."

நிசிமின் முகம் சிறுத்துப் போயிற்று.

"மன்னிச்சுக்கோங்கம்மா... தெரியாமப் பேசிட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லியும் இழுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"இல்லை. எனக்கும் ஒத்தைப் பிள்ளைதான். பேசாம ஏதாவது ஆபீஸ்ல உட்கார வெச்சிருப்பாங்க. அவன் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். இவன் சாப்பிடாமக் கிடந்தான். பெத்த மனசு, பார்த்துக்கிட்டிருக்க முடியலை."

அவள் ரொட்டிகளை எடுத்துக்கொண்டு, வெறும் பையை மேடைமீது விரித்து வைத்தாள். பத்துக் கையொப்பங்களும் நிசிமைப் பார்த்துக் கிடந்தன.

"அவர் கையெழுத்து எனக்குப் படிய மூணு நாளாச்சு. உங்களுக்குச் சுலபமா வந்துடுச்சே, தம்பி!"